ரங்கநாயகி வீட்டுத் தாழி

ரங்கநாயகி சந்தோஷமாக இருந்தால் தெலுங்கில் பேசுவாள். கோபமாக இருந்தால் தமிழில். தோட்டத்திலிருந்து திரும்பும் அவள் கணவர் கோவிந்தராஜுலு, உள்ளே எந்த மொழி கேட்கிறது என்று வாசலில் நின்று காது கொடுத்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் முழுக்க அந்த வீட்டில் தமிழ்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

காரணம் கோபர் கேஸ். மதுக்கரை சிமெண்டு ஆலையின் புகைபோக்கி தெரிகிற தூரத்தில் கருக்கம்பள்ளம் என்ற சிற்றூர். அங்கே அவர்களுக்குத் தென்னந்தோப்பும் தக்காளிக் காடும் ஒரு தொழுவம் நிறைய எருமைகளும் இருந்தன. சாணத்துக்குப் பஞ்சமில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் எல்லாம் சாணத்தைக் கரைத்து ஊற்றி நீலச் சுவாலையில் சமைத்துக்கொண்டிருக்க, ரங்கநாயகி மட்டும் தென்னை மட்டையை ஊதி ஊதிக் கண் சிவந்துகொண்டிருந்தாள். "ஆவட்டும், பார்க்கலாம்" என்பதே கோவிந்தராஜுலுவின் பதில். எதையும் மெதுவாகச் செய்கிற மனிதர். டிராக்டரைக்கூட மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டுவார்.

ரங்கநாயகி அதற்கு நேர்மாறு. சூலூர்ப் பக்கம் பிறந்து, எட்டாவது வரை படித்து, பதினெட்டு வயதில் கல்யாணமாகி வந்தவள். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டாள். ஒரே மகள் சைத்ரா கல்யாணமாகி பெங்களூரில் இருந்தாள். ரங்கநாயகிக்கு ஒரே ஒரு பலவீனம்: யாரைப் பார்த்தாலும் அவர் யார், எந்த ஊர், யாருக்கு என்ன உறவு என்று தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் உக்கடத்தில் இறங்குவதற்குள் தன் நாத்தனார் சண்டை வரை சொல்லி முடித்திருப்பாள். "உங்கிட்டப் பேசறதுக்கு போலீஸ்காரங்கிட்டப் பேசலாம்" என்பார் கோவிந்தராஜுலு.

கடைசியில் அந்த வருஷம் கார்த்திகையில் அவர் இறங்கிவந்தார். வீட்டுக்குப் பின்னால், தொழுவத்தை ஒட்டி, கேஸ் தொட்டிக்குக் குழி தோண்டுவதென்று முடிவானது. தோண்ட வந்தவள் மாரியாத்தாள். அந்தத் தோட்டத்தில் பல வருஷமாக வேலை செய்கிறவள்; கடப்பாரை பிடித்தால் ஆண்பிள்ளைகள் ஒதுங்கி நிற்பார்கள். இடுப்பளவு ஆழம் போனதும் 'டங்'கென்று ஒரு பலகைக் கல் தட்டுப்பட்டது. அதை நெம்பிப் புரட்டிப் பார்த்தவள் கடப்பாரையை அப்படியே போட்டுவிட்டு மேலே ஏறி வந்துவிட்டாள்.

"அம்மணீ, அடியில என்னமோ பெரிய பானை இருக்குதுங்க. வாயைத் தொறந்துக்கிட்டு நிக்குது. நான் இனி எறங்க மாட்டேனுங்க."

ரங்கநாயகி புடவையைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். ஆள் ஒருவர் குந்தி உட்காரக்கூடிய அகலத்தில் ஒரு மண்பானையின் வாய். விளிம்பைச் சுற்றிக் கயிறு பதித்ததுபோல் ஒரு வேலைப்பாடு. உள்ளே மண் நிரம்பியிருந்தது; மண்ணுக்கு மேலே பழுப்பாக ஒரு எலும்பு நீட்டிக்கொண்டிருந்தது.

கோவிந்தராஜுலு வந்து எட்டிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கிப்போனது.

"மூடு. மண்ணைத் தள்ளி மூடிப்போட்டு, மூச்சு விடாம இரு. வெளிய தெரிஞ்சா கவர்மெண்டுக்காரன் வந்து காட்டையே எடுத்துக்குவான்."

"ஊட்டுக்குப் பொறகால ஒருத்தரு இருக்காங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அது யாருன்னு கேக்காம எப்படிங்க இருக்கறது?"

"செத்துப்போனவங்கள யாருன்னு கேட்டு என்ன பண்ணப் போற?"

"உசுரோட இருக்கறவங்களக் கேட்டு மட்டும் என்ன பண்ணேன்? தெரிஞ்சுக்கறதுதான்."

அன்று மாலை குழியின் மேல் தகரத்தைப் போட்டு மூடினார்கள்.

கொஞ்ச நாளுக்கு முன் ரேடியோவில் ஒரு பேராசிரியர் பழங்காலத்து ஈமத்தாழிகளைப் பற்றிப் பேசியதைச் சமைத்துக்கொண்டே கேட்ட ஞாபகம் ரங்கநாயகிக்கு இருந்தது. பெயர் பிரான்சிஸ், நகரத்தில் ஒரு கல்லூரியில் வரலாற்றுத் துறை. மறுநாள் நேரமே கிளம்பினாள். குழியில் பானைக்கு வெளியே உடைந்து கிடந்த ஓட்டுச்சில்லு ஒன்றைத் துண்டில் சுற்றி, ஒயர் கூடையில் வைத்து, மேலே இரண்டு சீப்பு பூவன் பழத்தையும் அடுக்கிக்கொண்டாள். வெறுங்கையோடு ஒருவரைப் பார்க்கப்போகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

பேராசிரியர் பிரான்சிஸ் போத்தனூர்க்காரர். கனத்த உடம்பு, எதற்கும் சிரிக்கிற முகம். அப்பாவும் அம்மாவும் பிறர் காட்டில் கூலி வேலை செய்து அவரைப் படிக்க வைத்தவர்கள். ரங்கநாயகி போனபோது அவர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு தக்காளிச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். துண்டைப் பிரித்துச் சில்லை மேசைமேல் வைத்ததும் அவர் கை வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றுவிட்டது. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சிவப்பு, பளபளவென்று.

"இது எங்கீங்கம்மா கெடைச்சுது?"

"எங்க கோபர் கேஸ் குழியிலங்க."

அவர் கையைக் கழுவினாரோ இல்லையோ, அடுத்த பஸ்ஸில் அவளோடு கருக்கம்பள்ளத்துக்கு வந்துவிட்டார். வந்தும் முதல் ஒரு மணி நேரம் அவர் நின்றது குழிக்குப் பக்கத்தில் அல்ல, வாசல் கேட்டுக்கு வெளியே. ஏனென்றால் அவருக்கு நாய் என்றால் குலைநடுக்கம். தோட்டத்து நாயைப் பிடித்துக் கட்டி, அது கட்டப்பட்டதற்குச் சாட்சியாக மாரியாத்தாளை நிறுத்தின பிறகே உள்ளே வந்தார். ஆனால் குழியில் இறங்கினதும் ஆளே மாறிவிட்டார். மண்டி போட்டு, மூக்குக் கண்ணாடி மண்ணில் உரச, தாழியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சொன்னார்: "ரெண்டாயிரம் வருசத்துக்கு மேல இருக்குமுங்க. தொடாதீங்க. நாங்க முறைப்படி அனுமதி வாங்கி வந்து தோண்டறோம்."

"காட்டை எடுத்துக்குவீங்களா?" என்றார் கோவிந்தராஜுலு.

"எங்களுக்கு உங்க காடு வேண்டாமுங்க. தோண்டி முடிச்சதும் குழியை நாங்களே மூடிக் குடுத்துட்டுப் போயிருவோம்."

அனுமதி டெல்லியிலிருந்து வரவேண்டும். மாதங்கள் ஓடின. தகரத்தின் மேல் கோழி மேய்ந்தது. கேஸ் தொட்டிக்கு வேறு இடம் வேண்டுமே என்று தொழுவத்துக்குக் கிழக்கே மாரியாத்தாள் மறுபடி கடப்பாரையைப் போட்டாள். இடுப்பளவு போனதும் அதே 'டங்'. அதே பலகைக் கல். கோவிந்தராஜுலு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ரங்கநாயகிக்கு வந்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் கொட்டியது. தெலுங்கில் என்னென்னவோ சொல்லிக்கொண்டே எருமைக் கட்டுத்தறியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏனுங் அம்மணி, நாம ஊட்டுல குடியிருக்கறமா, இல்ல அவங்க ஊட்டுல குடியிருக்கறமா?" என்றாள் மாரியாத்தாள்.

மூன்றாவது குழியை வீட்டுக்கு முன்பக்கம், கேட்டுக்கு அருகில் தோண்டினார்கள். வருகிறவர்கள் எல்லாம் சாணத் தொட்டியைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். அதனால் என்ன, நீலச் சுவாலை எரிந்தது. அதில் போட்ட முதல் காபியை, அனுமதி வந்துவிட்டதென்று சொல்ல ஓடிவந்த பிரான்சிஸுக்கே கொடுத்தாள்.

கோடை விடுமுறையில் மாணவர்கள் வந்து இறங்கினார்கள். தென்னந்தோப்பில் கூடாரம் போட்டார்கள். கயிறு கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்தார்கள். முதல் இரண்டு நாள் ரங்கநாயகி மோர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். மூன்றாம் நாள் மோர்ச் சொம்பை வைத்துவிட்டு, "எனக்கும் ஒரு பிரஷ் குடுங்க" என்றாள்.

பிரான்சிஸ் அவளையும் மாரியாத்தாளையும் ஒரே சதுரத்தில் உட்காரவைத்து, மண்ணைச் சுரண்டுவது எப்படி, கிடைத்ததைக் கிடைத்த இடத்திலேயே விடுவது எப்படி என்று காட்டிக்கொடுத்தார். மாரியாத்தாளுக்கு முதலில் பயம். ஒவ்வொரு நாளும் முந்தானை முடிச்சில் திருநீறு கொண்டுவருவாள். ஆனால் உள்ளேயிருந்து சின்னச் சின்னக் கலயமும், தண்ணீர்ச் சொம்பும், பானை சாயாமல் வைக்கிற மண் பிரிமணையும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டபோது பயம் போய்விட்டது. "பேய்க்கு எதுக்குங்க பிரிமணை? நம்மளாட்டம் குடும்பம் பண்ணுனவங்கதான்" என்று அவளே முடிவு சொல்லிவிட்டாள்.

ரங்கநாயகிக்குத்தான் குறை தீரவில்லை.

"ஆம்பளைங்களா, பொம்பளைங்களா, சார்?"

"எலும்பைச் சோதனைக்கு அனுப்பணுமுங்க. அப்பவும் உறுதியாத் தெரியுமான்னு சொல்ல முடியாது."

"வயசு?"

"அதுவும் அப்படித்தான்."

"பேரு?"

பிரான்சிஸ் சிரித்துவிட்டார். "அது எந்தச் சோதனையிலயும் தெரியாதுங்கம்மா."

அவள் கொஞ்ச நேரம் பிரஷ்ஷை ஓட்டிக்கொண்டிருந்தாள். "சரி, போகுது. ஊராவது தெரிஞ்சுதே. நம்ம ஊருதான்."

கோவிந்தராஜுலு வேலியோரம் வரைக்கும் வருவார். குழிப் பக்கம் வரமாட்டார். ஒரு நாள் தாழிக்குள்ளிருந்து துருவேறிய இரும்பு ஒன்று வெளிப்பட்டது. சின்னதாக, வாய் அகலமாக, காம்பு செருகத் துளையோடு. அதைக் கேள்விப்பட்டு அவர் மெல்ல வந்து குனிந்து பார்த்தார். பிறகு வீட்டுக்குப் போய்த் தன் களைக்கொத்தைக் கொண்டுவந்து குழி விளிம்பில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெவசாயமுங்க!" என்றார், யாரிடம் என்றில்லாமல். "களையெடுத்திருக்காங்க. இந்த மண்ணுல அப்பவும் கோரைதான் வந்திருக்கும். கோரையை அடக்கறது லேசுப்பட்ட சோலியா?" அன்றைக்கு அந்தக் குழி விளிம்பில் உட்கார்ந்தவர்தான், வெயில் சாயும் வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் முதல் குழிக்கு மேல் போட்ட நிழல்பந்தலுக்குத் தென்னந்தடுக்கு முடைந்துகொடுப்பது அவர் வேலையானது.

கடைசி வாரத்தில் ஒரு மூடி போட்ட கலயம் கிடைத்தது. அதற்குள்ளிருந்த மண்ணைச் சலித்தபோது கரிந்த உமிபோல் சிலது சல்லடையில் தங்கின. பிரான்சிஸ் அவற்றை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, "நெல்லு மாதிரி தெரியுதுங்க. போற வழிக்குன்னு வெச்சு அனுப்பியிருக்கலாம்" என்றார். ரங்கநாயகி அதைக் குனிந்து பார்த்தாள். மகளைப் பெங்களூருக்கு ரயில் ஏற்றின அன்று தூக்குப்போசியில் புளிச்சோறு கட்டிக்கொடுத்தது அவள் நெஞ்சில் வந்து நின்றது. கூடவே போக முடியாதவர்கள் வேறென்ன செய்வார்கள்? அன்று முழுக்க அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மாரியாத்தாள்கூட இரண்டு தடவை, "மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்று விசாரித்தாள்.

முதல் தாழி சேதமில்லாமல் முழுசாக இருந்தது. அதைக் கல்லூரியின் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோவதென்று தீர்மானமானது. ஈரத்துணியும் சாக்கும் சுற்றி, மரச்சட்டத்தில் கட்டி, பத்து ஆள் சேர்ந்து டிராக்டர் டிரெய்லரில் வைக்கோல் மெத்தைமேல் ஏற்றினார்கள். ஓட்டுவது கோவிந்தராஜுலுதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவர் வாழ்நாளில் அவருடைய வேகத்தை எல்லாரும் பாராட்டின ஒரே நாள் அது. டிரெய்லரில் தாழிக்கு ஒரு பக்கம் ரங்கநாயகி, மறுபக்கம் மாரியாத்தாள், முன்னால் ஸ்கூட்டரில் பிரான்சிஸ்.

குனியமுத்தூர் தாண்டுவதற்குள் பின்னால் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. சாக்கு சுற்றின உருண்டையான உருவம், இரண்டு பக்கமும் பெண்கள், ஊர்வல நடை. ஒரு பூக்கடைக்காரம்மா ஓடிவந்து, "எந்த ஊர்ச் சாமிங்க?" என்று கேட்டாள்.

மாரியாத்தாள் யோசிக்கவேயில்லை. "கருக்கம்பள்ளமுங்க."

ஒரு முழம் மல்லிகை தாழியின் கழுத்தில் விழுந்தது. இன்னொருவர் தேங்காய் உடைத்தார். பிரான்சிஸ் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்து, "ஏனுங்க, தண்ணி படக்கூடாதுங்க, இளநி படக்கூடாதுங்க!" என்று கும்பிட்டுக் கெஞ்சினார். அவரும் கும்பிடுவதைப் பார்த்துக் கூட்டத்துக்குப் பக்தி அதிகமானது.

உக்கடத்துக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் வண்டியை மறித்தார்.

"உள்ள என்ன?"

உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாத கோவிந்தராஜுலு, "ஆளுங்க" என்றார்.

"என்னது?"

"செத்துப்போனவருங்க. பொணமில்லீங்க, எலும்பு. அதுவும் கொஞ்சம்தானுங்க."

போலீஸ்காரர் விசிலை எடுத்துவிட்டார். கூட்டத்தில் பாதி பின்வாங்கியது. தேங்காய் உடைத்தவர் காணாமல் போனார். பிரான்சிஸ் அனுமதிக் கடிதத்தைக் காட்டி விளக்கி முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அதற்குள் ரங்கநாயகி அந்தப் போலீஸ்காரரின் சொந்த ஊர், மனைவியின் ஊர், மாமனார் வீட்டு விவகாரம் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுவிட்டாள். கடைசியில் அவரே விசில் ஊதி வழிவிட்டு அனுப்பிவைத்தார்.

தாழி பத்திரமாகக் கல்லூரி சேர்ந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது டிரெய்லர் வெறுமையாகக் குலுங்கியது. மகளைப் புகுந்த வீட்டில் விட்டுவிட்டு வந்ததுபோல் இருக்கிறது என்றாள் ரங்கநாயகி. கோவிந்தராஜுலுவும் அன்று வேகத்தைக் கூட்டவில்லை.

ஆடி முடிந்ததும் பார்க்கப் போனாள். பட்டுக்கரைப் புடவை கட்டி, மாரியாத்தாளையும் கூட்டிக்கொண்டு. அருங்காட்சியகக் கூடத்தில் நாணயங்கள் இருந்தன, செப்புச் சிலைகள் இருந்தன. நடு மத்தியில், கண்ணாடிக்குள், அந்தக் கல்லூரிக் கட்டடத்தின் பெரிய பிளாஸ்டர் மாதிரி வடிவம் ஒன்று இருந்தது; பொன்விழாவுக்குச் செய்ததாம். தாழி எங்கும் இல்லை.

அங்கே காவலுக்கு இருந்த ரசாக் நல்ல மனிதர். தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஸ்டோர் ரூம்ல இருக்குதுங்கம்மா. கூடத்துல எடமில்லைன்னுட்டாங்க. பிரான்சிஸ் சாரும் கேட்டுக்கிட்டேதான் இருக்காரு."

பின்பக்கத்து ஜன்னல் வழியாகக் காட்டினார். உடைந்த பெஞ்சுகளுக்கும் சுருட்டி வைத்த ஷாமியானாவுக்கும் நடுவே, சாக்குகூடப் பிரிக்காமல், தாழி நின்றுகொண்டிருந்தது. குனியமுத்தூர் மல்லிகை சருகாகிக் கழுத்தில் தொங்கியது.

ரங்கநாயகி கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றாள். பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்தில் இருந்தவளை எந்த ஊர் என்றுகூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து தமிழில் பேச ஆரம்பித்தவள் சாப்பாட்டு நேரம் வரை நிறுத்தவில்லை. இந்தத் தடவை கோவிந்தராஜுலு, "ஆவட்டும்" என்று சொல்லவில்லை. "நாம குடுத்ததை ஒழுங்கா வெச்சுக்கோணுமல்லோ" என்றார்.

அதற்குப் பிறகு கோயமுத்தூருக்கு எந்த வேலையாகப் போனாலும் ரங்கநாயகி அங்கே ஒரு எட்டு போய்வந்தாள். ஜன்னலில் பார்த்துவிட்டு, கல்லூரி முதல்வர் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ரசாக்கிடம் அவர் பேத்தியின் சளி எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத் திரும்புவாள். முதல்வர் ஒரு நாளும் அகப்படவில்லை. எப்போதும் மீட்டிங்கில் இருப்பார்.

தை மாதம் கோவிந்தராஜுலுவின் தங்கை மகளுக்குக் கோயமுத்தூரில் கல்யாணம். ஊரிலிருந்து சொந்தபந்தமாக ஒரு பஸ் நிறைய ஒறம்பரை வந்திருந்தது. பந்தி முடிந்து எல்லாரும் பஸ் ஏறினதும் ரங்கநாயகி டிரைவருக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. நம்ம தோட்டத்துல கெடைச்ச தாழியை இங்க ஒரு காலேஜுல வெச்சிருக்காங்க. போற வழிதான். ஒரு எட்டுப் பார்த்துப்போட்டுப் போயிரலாம்."

போகிற வழி இல்லை. ஆனால் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட நிறைவில் யாரும் மறுக்கவில்லை.

பட்டுப்புடவையும் மல்லிகையும் சந்தனமுமாகக் கல்லூரி வளாகத்துக்குள் ஒரு கல்யாணமே நடந்து வந்தது. மாணவர்கள் வகுப்பு ஜன்னல்களில் தொங்கினார்கள். ஸ்டோர் ரூம் ஜன்னலோ ஒருவர் பார்க்கிற அளவுதான். வரிசை கட்டிக்கொண்டு நின்றார்கள். உயரம் குறைந்தவர்களுக்காக ரசாக் ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். மாரியாத்தாள் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொருவருக்கும், "இங்கிருந்து பார்த்தா கழுத்து தெரியுமுங்க. பெஞ்சுக்கு அக்கட்ட இருக்கறதுதான் வவுறு" என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டு முதல்வர் மீட்டிங்கிலிருந்து வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, கண்டிப்பான முகம். அவருக்குப் பின்னால் பதறிக்கொண்டு பிரான்சிஸ்.

"என்ன இது? யாருங்க நீங்கல்லாம்?"

ரங்கநாயகி கும்பிட்டாள். "கருக்கம்பள்ளமுங்க. எங்க தாழியைப் பார்க்க வந்தோமுங்க."

"அதுக்கு எடம் ஒதுக்க ஏற்பாடு பண்ணிட்டுத்தான் இருக்கோம். கூடத்துல எடம் இல்ல."

"எங்க ஊட்டுல எடம் இல்லாம உங்ககிட்டக் குடுத்தோம்னு நெனச்சுப்போட்டீங்களாங்க?" அவள் குரல் உயரவில்லை. "எங்க ஊட்டுப் பொறகால ரெண்டாயிரம் வருசமா அதுக்கு எடம் இருந்துச்சுங்க. நாலு பேரு பார்க்கோணும், நமக்கு முன்னால இங்க யாரு இருந்தாங்கன்னு தெரிஞ்சுக்கோணும்னுதான் குடுத்தோம். எடமில்லீன்னா சொல்லுங்க. டிராக்டரு இருக்குது, எங்கூட்டுக்காரரும் இருக்காரு. அலுங்காமக் கொண்டுபோய் வெச்சுக்கறோம்."

கோவிந்தராஜுலு பின்னாலிருந்து, "சாயங்காலமே வேணும்னாலும் வாரேனுங்க" என்றார். அவர் அவ்வளவு வேகமாக எதையும் ஒப்புக்கொண்டு ரங்கநாயகி பார்த்ததில்லை. திரும்பி அவரை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

முதல்வர் முக்காலியைப் பார்த்தார். அதில் ஏறி நின்றுகொண்டிருந்த மணமகளின் பெரியம்மா, "நகந்துக்கிறேன், நீங்க பாருங்க சார்" என்று இறங்கி இடம் விட்டாள். அவர் வேறு வழியில்லாமல் ஜன்னலருகே போனார். தன் கல்லூரியின் ஸ்டோர் ரூமை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பார்த்துவிட்டுத் திரும்பியபோது மீசைக்கடியில் ஒரு சிரிப்பு.

"பிரான்சிஸ், அந்த பில்டிங் மாடலை எங்க ஆபீஸ் வராந்தாவுக்கு மாத்திக்கலாமா?"

"இப்பவே மாத்திரலாமுங்க சார்!"

"சாவியை எடுத்துட்டு வாப்பா ரசாக். வந்தவங்க ஜன்னல் வழியாவா பாத்துட்டுப் போறது?"

பங்குனியில் தாழி கூடத்தின் நடுவில், மரப்பீடத்தின்மேல் ஏறியது. அதைச் சுற்றிக் கலயங்களும் பிரிமணையும் இரும்புக் களைக்கொத்தும். திறப்புவிழாவுக்குக் கருக்கம்பள்ளத்திலிருந்து தனி வண்டியே போனது. கண்ணாடிப் பெட்டிமேல் ஒட்டியிருந்த அட்டையைக் கோவிந்தராஜுலு வாய்விட்டுப் படித்தார்: கருக்கம்பள்ளம், கோவிந்தராஜுலு–ரங்கநாயகி தோட்டத்தில் கிடைத்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். ரங்கநாயகிக்குத் தெலுங்கு வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் மாரியாத்தாள் கூட்டத்துக்குப் பின்னால், தூணோரமாக நிற்பதைப் பார்த்ததும் அது நின்றுபோனது.

"சார்," என்றாள் பிரான்சிஸிடம், "இதுல ஒரு பேரு விட்டுப்போச்சுங்க. காடு எங்களோடதுதான். கண்டது அவளுங்க."

பிரான்சிஸின் முகம் ஒரு கணம் மாறியது. "விட்டிருக்கக் கூடாதுங்க" என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் புது அட்டை வந்தது. 'முதலில் கண்டவர்: மாரியாத்தாள்.' எழுத்துக் கூட்டித்தான் அவளுக்குப் படிக்க வரும். கூட்டிக் கூட்டிப் படித்து முடித்துவிட்டு, ரசாக்கைக் கூப்பிட்டு, "இது இங்கயேதான இருக்கும்? எடுத்துப்போட மாட்டாங்களே?" என்று கேட்டாள். பிறகு தன் நாத்தனார் குடும்பம், தம்பி குடும்பம், சந்தையில் வெங்காயம் விற்கிற பழனியாத்தாள் என்று ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள்.

அடுத்த கோடையில் வெள்ளகோவில் பக்கம் புதிதாக ஓரிடத்தில் தோண்டப் போவதாகப் பிரான்சிஸ் சொல்ல வந்தார். சும்மா சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தார். காபியை நீட்டினபடி ரங்கநாயகி, "எப்பங்க கெளம்பறோம்?" என்று கேட்டுவிட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூடத் தனியாக வெளியே தங்கியதில்லை. கோவிந்தராஜுலு செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று யோசித்தார். யோசித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"எருமைய நான் பார்த்துக்கறேன்" என்றார். "போய்ட்டு வா. ஆனா அங்கயும் யாராச்சும் டிராக்டர்ல ஏத்தோணும்னா, சொல்லியனுப்பு."

சித்திரை வெயிலில் ரங்கநாயகியும் மாரியாத்தாளும் வெள்ளகோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். அந்தச் சீமையின் காற்று இறங்கினவுடனே இருவர் முந்தானையையும் பிடித்து இழுத்தது. மாரியாத்தாள் ஒரு கையில் துணிப்பையையும் மறுகையில் முந்தானையையும் பிடிக்கத் தெரியாமல் திண்டாட, ரங்கநாயகி சிரித்துக்கொண்டே அவள் பையை வாங்கிக்கொண்டாள். டீக்கடையில் வழி கேட்டார்கள். கடைக்காரர் கை நீட்டிக் காட்டினார். வெட்டவெளியில், ஒற்றைக் குடைவேல மரத்துக்கு அந்தப்பக்கம், கூடாரத் துணி படபடத்துக்கொண்டிருந்தது.

"ஆமா, உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கடைக்காரரைக் கேட்டுக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தாள் ரங்கநாயகி.

"அம்மணீ, சார் காத்திட்டிருப்பாருங்க" என்றாள் மாரியாத்தாள்.

"ரெண்டாயிரம் வருசமாக் காத்திட்டிருக்கறவங்க, ஒரு டீ குடிக்கற நேரம் காத்திருக்க மாட்டாங்களா? உக்காரு."

மாரியாத்தாளும் உட்கார்ந்தாள். காற்றில் ஆடிய டீயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, கடைக்காரரின் பூர்வீகம் காங்கேயத்தில் தொடங்குவதை இருவரும் கேட்க ஆரம்பித்தார்கள்.